நான் டியூட்டிக்குப் போகும் நாளில் மட்டும் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்

பென்னாகரம் ரூட் (ஞாயிறு, இரவு 10.50)

எல்லோருக்கும் வணக்கம். நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தருமபுரி – பென்னாகரம் – ஒகேனக்கல் ரூட். ஒரு நாள் டியூட்டி, மறுநாள் ரெஸ்ட். டியூட்டி நாளில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் எட்டு சிங்கிள் (ஒரு வழி நடை) அடித்து, கலெக்சனைக் கட்டிவிட்டு வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகும். வீட்டில் என் அம்மா, மனைவி, நாலு வயது மகள்.

போன வாரம் என் மனைவி பால் கணக்கு எழுதும் காலண்டரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சில தேதிகளில் பேனாவால் சின்னப் புள்ளி இருந்தது. பாப்பா தட்டைத் தள்ளிவிட்ட நாள், போன் கேட்டு அழுது புரண்ட நாள், ராத்திரி பதினோரு மணி வரை தூங்காமல் இருந்த நாள், எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளிதான். 'எந்தெந்த தேதின்னு பாருங்க' என்றாள். ஒன்று விட்டு ஒரு நாள் புள்ளி. எல்லாம் நான் ரெஸ்டில் வீட்டில் இருந்த நாட்கள்.

குறை சொல்வதற்காக அவள் அதைக் காட்டவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் இல்லாத நாளில் வீட்டில் என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். காலையில் ராகிக் கூழோ இட்லியோ. பத்து மணிக்கு அங்கன்வாடி. திரும்பி வந்ததும் அம்மாவோடு கொல்லையில் கீரை பறிப்பாள், கோழிக்குத் தீனி போடுவாள். ராத்திரி ஏழரைக்கு அம்மாவுக்குக் களி, அவளுக்கும் களி. ஒரே தட்டில் அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றிக்கொள்வார்களாம். எட்டரைக்கெல்லாம் தூங்கிவிடுவாள். என் மகள் களி சாப்பிடுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் இருக்கும் நாள் வேறு மாதிரி. ஒன்பது மணி வரை தூங்குவேன். எழுந்ததும் டீ. அவளும் பக்கத்தில் வந்து உட்காருவாள், அரை டம்ளர் அவளுக்கும் ஊற்றிக் கொடுப்பேன். அப்புறம் கட்டிலில் சாய்ந்து போன் பார்ப்பேன். இரண்டாவது நாள்தான் பார்க்கிறோமே என்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் பரோட்டா பார்சலும் ஒரு கூல்டிரிங்க்ஸும் வாங்கி வருவேன். அவள் கேட் வரைக்கும் ஓடி வந்து பையைப் பிடித்துப் பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வாங்கினேன்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். என் பழைய தோல் பையை அவளுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு 'ரைட் ரைட்' என்று திண்ணை முழுக்க நடப்பாள். போன செவ்வாய் அப்படி விளையாடிக்கொண்டிருந்தவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது போல் பாவனை செய்தாள். பிறகு சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, கட்டை விரலால் அதன் மேல் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் அம்மா கூப்பிட்டதும் தலையைத் தூக்காமல் 'இரு இரு, ஒரு நிமிஷம்' என்றாள். அது என் குரல். அவளுக்கு நான் தினம் சொல்லும் பதில்.

இரண்டாவது, எச்சில். பழைய கண்டக்டர்கள் எல்லோரையும் போல எனக்கும் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் நோட்டு எண்ண வரும், டிக்கெட் கிழிக்க வரும். பாப்பா படப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நாக்கைத் தொட்டுத்தான் புரட்டுகிறாள். பல்லாங்குழிப் புளியங்கொட்டையைக்கூட நாக்கைத் தொட்டு எண்ணுகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கைப்பட்ட பணம் என் கையில் வருகிறது, அதே விரலை எத்தனை தடவை வாயில் வைக்கிறேன் என்று அவள் விரலைப் பார்த்த பிறகுதான் நினைத்தேன்.

என் கேள்வி இதுதான். நான் எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தை என்னைவிட்டு விலகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு நாளில் ஒரு நாள்தான் எனக்குக் கிடைக்கிறாள். பல் தேய்ப்பதிலும் தகராறு. என் பேஸ்டேதான் வேண்டும், நான் வைப்பது போலவே நீளமாக வேண்டும் என்கிறாள், பாதியை விழுங்கிவிடுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அங்கன்வாடி டீச்சர், பாலக்கோடு (திங்கள், மாலை 4.20)

தம்பி, உங்கள் மனைவி வைத்த புள்ளிகளைப் படித்ததும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எங்களிடம் வரும் அம்மாக்கள் 'வீட்ல கீரையைத் தொடவே மாட்டான் டீச்சர், இங்க எப்படிச் சாப்பிடறான்?' என்றுதான் கேட்பார்கள். இங்கே சாப்பிடுவதற்குக் காரணம் எங்கள் சமையல் இல்லை. இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்கள், அதுதான்.

என் கதை ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகளுக்குப் போடும் முன் நான் ருசி பார்ப்பதை அடுப்படியில் நின்றுகொண்டே செய்வேன். அப்புறம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, என் டிபன் பாக்ஸைத் திறந்து மூலையில் தனியாகச் சாப்பிடுவேன். ஒரு பையன் தினமும் கீரைச் சாதத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்குவான். ஒரு நாள் எழுந்து வந்து, 'டீச்சர், நீங்க ஏன் எங்க சோறு சாப்பிடல, நல்லா இல்லையா?' என்று கேட்டான். மறுநாளிலிருந்து நான் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் முன்னாலேயே அந்த ருசி பார்க்கும் கைப்பிடியைச் சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. 'கீரை நல்லது, கண்ணுக்கு நல்லது' என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டேன். அந்தப் பையன் சாப்பிட ஆரம்பிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. குழந்தைக்குப் புதிய ஒரு ருசி பிடிக்க எட்டு, பத்து தடவை, சிலருக்குப் பதினைந்து தடவைகூட அது தட்டில் வந்து போக வேண்டும். இரண்டு தடவை தள்ளிவிட்டாள் என்று நிறுத்திவிடாதீர்கள். வாயில் திணிக்கவும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் பாதி வேலை முடிந்தே இருக்கிறது தம்பி. பாப்பா களி சாப்பிடுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள். உங்கள் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. ரெஸ்ட் நாளில் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உங்கள் தட்டையும் வையுங்கள்.

எச்சில் விஷயத்துக்கு வருகிறேன். பேங்கில் கேஷியர் மேசையில் சின்னக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றில் ஸ்பாஞ்சு நனைத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் ஒன்று வாங்குங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் பார்க்கும்படி சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். எங்கள் மையத்தில் சோப்பு தரையில் விழுந்து அழுக்காகும். பூண்டு வரும் வலைப்பை இருக்கிறதே, அதில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கட்டினால் அவளே போய்த் தேய்த்துக்கொள்வாள்.

டீ மட்டும் வேண்டாம். சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கும். ரத்தச் சோகையோடு வரும் குழந்தைகளை மாதா மாதம் எடை போடும்போது பார்க்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஓசூர் ஷிப்ட் (திங்கள், இரவு 11.35)

அண்ணா, நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வாரம் ஒரு ஷிப்ட் மாறும். பையனுக்கு ஐந்து வயது.

முதலில் ஒன்று. புள்ளி இல்லாத நாட்கள் தானாக வந்தவை இல்லை. உங்கள் அம்மாவும் அண்ணியும் காலையிலிருந்து இரவு வரை பின்னாலேயே நின்று உண்டாக்கியவை. அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது, நாளைக்கே போலீஸ் மாதிரி ஆகிவிடாதீர்கள். நான் அதைச் செய்து கெடுத்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை யாரோ அனுப்பினார்கள். 3, 4 வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று அதில் இருந்தது. அன்றைக்கே பையன் கையிலிருந்து போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் போனை என் கையிலேயே வைத்திருந்தேன். 'உனக்கு மட்டும்?' என்றான். என்னிடம் பதில் இல்லை. பத்து நாள் வீடு ரணகளம்.

பிறகு செய்தது சின்ன விஷயம். சமையலறை அலமாரியில் ராகி மாவு டப்பாவுக்கு மேல் எல்லோர் போனுக்கும் இடம். ஏழு மணிக்கு என் போன் முதலில் அங்கே போகும். அவனுடைய அப்பா மறந்தால் அவனே கொண்டு போய் வைத்துவிடுவான். ஆனால் நைட் ஷிப்ட் வாரத்தில் எல்லாம் கலைந்துவிடுகிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

பார்சலை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கேட்டுக்கு ஓடி வரும் பிள்ளைக்குப் பையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு நாள் கொய்யா, ஒரு நாள் கடலைக்காய், சீசனில் சீத்தாப்பழம். அவள் ஓடி வருவது உங்களுக்காகத்தான்.

பென்னாகரம் ரூட் (செவ்வாய், காலை 9.10)

அக்கா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. நேற்று டியூட்டி. மடம் செக்போஸ்ட் தாண்டியதும் மனைவிக்குப் போன் போட்டு, 'பாப்பாவை நீயும் அம்மாவும் நல்லா வளர்த்திருக்கீங்க' என்று சொன்னேன். 'பஸ்ல ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டாள். நான் இதுவரை அப்படி எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பல் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கள் தெருவில் பெரியவர்கள் நிறையப் பேருக்குப் பல் பழுப்பாக, கோடு கோடாக இருக்கும். எனக்கும் இருக்கிறது.

பல் கிளினிக் நர்ஸ், தருமபுரி (செவ்வாய், மதியம் 2.45)

அண்ணா, அந்தக் கோடுகள் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால் வருபவை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். நீங்கள் தினமும் போகும் அதே காவிரித் தண்ணீர்தான்.

பல்லின் மேல் பூச்சு ஈறுக்குள்ளேயே உருவாகும் வயதில் உடம்புக்குள் போகும் ஃபுளோரைடுதான் கறையாக வரும். எட்டு வயது வரைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. வந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் கிளினிக்குக்கு வந்து 'இதை வெள்ளையாக்க முடியுமா சிஸ்டர்' என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அதனால் பாப்பாவின் வயது முக்கியமான வயது.

உங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர்? கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். டீத்தூளிலும் ஃபுளோரைடு இயற்கையாகவே உண்டு, போர் தண்ணீரில் போட்ட டீ என்றால் இரண்டும் சேர்ந்து உள்ளே போகிறது. டீச்சர் அக்கா இரும்புச் சத்துக்காகச் சொன்னார்கள், நான் பல்லுக்காகவும் சொல்கிறேன், அந்த அரை டம்ளரை நிறுத்திவிடுங்கள். களி கட்டாயம் தொடரட்டும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் சேருவது குறையும்.

இப்போது பேஸ்ட். 3 வயதிலிருந்து 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். பிரஷ் முழுக்க நீளமாக வைப்பது பெரியவர்களுக்கே தேவையில்லை. அவளுக்குக் குறைத்துவிட்டு உங்கள் பிரஷ்ஷில் நீளமாக வைத்தால் அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். இரண்டு பிரஷ்ஷிலும் பட்டாணி அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று தேயுங்கள், நீங்கள் துப்புவதை அவள் பார்க்கட்டும். நிறைய அப்பாக்கள் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்ப் பேசிவிட்டு வருவார்கள். பிள்ளையும் பிரஷ்ஷைக் கடித்தபடி பின்னால் போகும், பேஸ்ட் முழுக்க வயிற்றுக்குள் போய்விடும். குழாயடியில் நின்றே முடித்துவிடுங்கள். ஏழெட்டு வயது வரை கடைசியில் ஒரு தடவை நீங்கள் கை வைத்துத் தேய்த்துவிட வேண்டும். ராத்திரித் தேய்ப்பதும் அப்படித்தான். நீங்கள் தேய்க்காமல் அவளைத் தேய்க்கச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் தேவையா என்பதைப் பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை (புதன், காலை 6.05)

தம்பி, அந்தச் சோப்பு டப்பாவைப் படித்தபோது ஆசிரியர் பயிற்சியில் படித்தது நினைவுக்கு வந்தது. 1961-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரியில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மூன்று வயதிலிருந்து ஐந்தே முக்கால் வயதுக்குள் இருந்த பிள்ளைகள். சில குழந்தைகள் முன்னால் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், அடிக்கும்போது சில வார்த்தைகளையும் சொன்னார். யாரும் அந்தக் குழந்தைகளிடம் 'இப்படிச் செய்' என்று சொல்லவில்லை. பிறகு பொம்மையோடு விட்டபோது அதே அடி, அதே உதை, அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தைகள். உங்கள் மகள் 'இரு இரு, ஒரு நிமிஷம்' என்று சொன்னது இதுதான்.

அந்தச் சோதனையில் இருந்தவர் யாரோ ஒரு ஆள். நீங்கள் அவள் அப்பா. முப்பத்து நாலு வருடம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு நடத்தினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வது என் பழக்கம். சட்டையில் காலரே இல்லாத பிள்ளைகள்கூட எழுதும் முன் கழுத்தைத் தொட்டுக்கொள்வார்கள். நான் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ.

ஒரே ஒரு வேண்டுகோள். ரெஸ்ட் நாளில் காலையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் நடங்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு அது சிரமம் என்று தெரியும். வீட்டில் படுத்திருக்கும் அப்பாவைத்தான் அவள் பார்க்கிறாள், பஸ்ஸில் நீங்கள் நிற்பதை அவள் பார்க்கவில்லை.

பென்னாகரம் ரூட் (ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 9.30)

மறுபடி எழுத நேரமாகிவிட்டது, மன்னியுங்கள். ஆடிப்பெருக்குக் கூட்டம், ஒகேனக்கலுக்கு ஸ்பெஷல் டிரிப். ரெஸ்டே இல்லாமல் ஓடினோம்.

வீட்டில் எந்த அறிவிப்பும் செய்யவில்லை. ரெஸ்ட் நாளில் சாயங்காலம் ஆறரை ஆனதும் போனை டியூட்டிப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டிவிடுகிறேன். டியூட்டி மாற்றிச் சொல்ல முதலாளி கூப்பிடுவார், அதற்கு மனைவி நம்பரைக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் என் கை ஆணிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பாப்பா தன் பையைக் கொண்டு வந்து, கீழே ஒரு ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன். சோப்பு டப்பா இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

களியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் களி சாப்பிட்டதே இல்லை. ஹோட்டல் சாப்பாட்டில் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அம்மாவிடம் 'எனக்கும் ஒரு உருண்டை போடு' என்றதும் அம்மா துடுப்பைக் கையில் வைத்தபடி ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்கள். உட்கார்ந்தேன். முதல் வாயை மென்றேன், பல்லிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. பாப்பா தட்டிலிருந்து கையை எடுத்து, 'மெல்லக் கூடாதுப்பா, முழுங்கணும். இப்படிப் பிட்டு, குழம்புல தொட்டு, முழுங்கு' என்று செய்து காட்டினாள். ஆயா, அதாவது என் அம்மா, அவளுக்குச் சொன்ன அதே வார்த்தைகளாம். அன்றைக்கு நான் மூன்று உருண்டை சாப்பிட்டேன். என் தட்டு காலியாகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

பரோட்டா இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. எல்லோரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முதல் இரண்டு வாரம் பையைத் திறந்து பார்த்துவிட்டு அழுதாள். கொய்யாவைத் தூக்கி எறிந்தாள். நான் எடுத்துக் கழுவி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாம் வாரம் மிளகாய்த்தூள் தொட்ட பாதியைக் கேட்டு வாங்கினாள்.

ஸ்பாஞ்சு டப்பா பையில் இருக்கிறது. டிரைவர் அண்ணன் 'என்னடா பேங்க் மேனேஜர்' என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன், அவருக்கும் இரண்டு பேரப் பிள்ளைகள், பேசாமல் கேட்டுக்கொண்டார். கூட்ட நேரத்தில் இன்னும் என்னையறியாமல் விரல் வாய்க்குப் போகிறது. பாப்பா புத்தகம் புரட்டும்போது பஞ்சைத் தொடுகிறாள், பத்துப் பக்கத்துக்கு மேல் மறந்துவிடுகிறாள்.

பல் மருத்துவரிடம் காட்டினோம். வீட்டில் போர் தண்ணீரில்தான் சமைத்துக்கொண்டிருந்தார்கள், நான் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது சமையலுக்கும் குழாய்த் தண்ணீரையே பிடித்து வைக்கிறோம். பட்டாணி அளவு பேஸ்ட் இருவருக்கும். அவள்தான் இரண்டு பிரஷ்ஷிலும் வைக்கிறாள்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசுத் திட்டம் தொடங்கினார்களே, அதில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அம்மாவுக்கு பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். போன தடவை நான் இருந்தேன், 'தம்பி நீங்களும் கையை நீட்டுங்க' என்றார்கள். 150-க்கு மேல் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கையை நீட்டியதைப் பார்த்து பாப்பாவும் தன் கையை நீட்டினாள். பட்டையை அவள் கையிலும் சுற்றுவது போல் செய்து 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலண்டர்ப் புள்ளிகளை மனைவி நிறுத்தவில்லை, நான்தான் தொடரச் சொன்னேன். முதல் பன்னிரண்டு ரெஸ்ட் நாளில் ஒன்பது புள்ளி, கடைசிப் பன்னிரண்டில் நாலு. அதில் இரண்டு, காவேரிப்பட்டணத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன நாட்கள். தூக்கம்தான் இன்னும் சரிப்படவில்லை. டியூட்டி நாளில் கேட் திறக்கும் சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறாள், மறுபடி தூங்கப் பதினொன்றரை ஆகிறது. இப்போது கேட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.

ஆசிரியர் ஐயா, நடக்கவும் போகிறோம். ஏரிக்கரை வரை, பாதித் தூரம் தோளில்தான் வருகிறாள்.

இன்னொரு கேள்வி. அம்மாவுக்கு வெற்றிலையில் புகையிலை வைத்துப் போடும் பழக்கம், முப்பது வருடத்துக்கு மேல். நேற்று பாப்பா கொல்லையில் ஏதோ இலையை மடித்து, உள்ளே மண் வைத்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். பதறிப் போய் விரலை விட்டு எடுத்தேன். இவளுக்குக் களியும் கீரையும் பழக்கிய கை அது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

பல் கிளினிக் நர்ஸ், தருமபுரி (ஞாயிறு, காலை 7.30)

அண்ணா, பாப்பா செய்ததை ஆயாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டாமல், நீங்கள் பார்த்தது பார்த்தபடி. பேத்திக்காக நிறுத்தியவர்களை எங்கள் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன், தன் உடம்புக்காக நிறுத்தியவர்கள் அதைவிடக் குறைவு. முப்பது வருடம் என்பதால் வாயை ஒரு தடவை கட்டாயம் சோதிக்க வேண்டும். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. நீங்கள் பிரஷருக்குப் போகும் அதே நாளில் அவர்களையும் கூட்டிப் போங்கள், இருவரும் சேர்ந்து போவதால் மறுக்க மாட்டார்கள். அதுவரைக்கும் வெற்றிலைப் பெட்டி பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பென்னாகரம் ரூட் (ஞாயிறு, காலை 8.05)

இன்று ரெஸ்ட்தான். அம்மா கொல்லையில் இருக்கிறார்கள், பாப்பா இன்னும் எழவில்லை. இப்போதே போய்ப் பேசுகிறேன்.